இருபத்து மூன்று விநாடி

பிப்ரவரி 3

என் வாயாடிக்கு,

அக்கா எழுதறேன். உடம்பு நல்லாத்தான் இருக்கு, காதைத் தவிர. அதை எப்பவோ மில்லுக்குக் கொடுத்தாச்சு. நேத்து நீ போன்ல பேசினது கொசு பாடற மாதிரிதான் கேட்டுச்சு. எல்லாத்துக்கும் "சரி சரி"ன்னு சொல்லி வெச்சேன். எதுக்குச் சரி சொன்னேன்னு எழுதி அனுப்பு. நீ கல்யாணத்துக்குச் சம்மதிச்சிருந்தா மட்டும்தான் அந்தச் சரி செல்லும்.

இந்தக் கடுதாசி உன் அத்தான் கையில வருது. நாளைக்கு டைல்ஸ் லோடு ஏத்திக்கிட்டு உங்க ஊருக்குத்தான் வர்றார். தபால்காரரை விட நம்பிக்கையான ஆள். ஒரே கெட்ட பழக்கம், வழியில பிரிச்சுப் படிச்சுடுவார். படிக்கட்டும். (இதைத் திருட்டுத்தனமா படிக்கிறவர் கவனத்துக்கு: டீயில சர்க்கரை போடச் சொல்லாதீங்க. எனக்குக் காதுதான் கேக்காது, கண்ணு தெரியும்.)

ஒரு விஷயம். ஒரு வாரமா அவருக்கு இடது கெண்டைக்கால் வீங்கியிருக்கு. தொட்டா சுடுது. "ஒம்பது மணி நேரம் ஒரே சீட்ல உக்காந்தா வீங்காம என்ன செய்யும்"ங்கறார். நான் சொன்னா ஒரு காதுல வாங்கி மறு காதுல விட்டுடுவார். நீ சொன்னா "டாக்டர் சொல்லிட்டாங்க"ன்னு தெரு முழுக்கப் பெருமை அடிப்பார். பிடிச்சு உக்கார வெச்சுப் பாரு. ரெண்டு திட்டு என் சார்பா திட்டு.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கக் கை வரவில்லை. சாப்பிடுகிறாயா என்று மட்டும் கேட்கிறேன்.

அத்தானைக் கொண்டுவந்த அன்று என் தோளைப் பிடித்து உலுக்கி, "என்னடி ஆச்சு, என்னடி ஆச்சு" என்று கேட்டாயே. வீடு முழுக்க ஆட்கள். அப்போது என்னால் பேச முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

காலில் உறைந்த ரத்தக் கட்டி ஒன்று நகர்ந்து நுரையீரலை அடைத்துவிட்டது. குடோன் வாசலில் வண்டியை விட்டு இறங்கியவர், மூச்சு வாங்குகிறது என்று படியில் உட்கார்ந்து அப்படியே சாய்ந்திருக்கிறார். கூட வந்த மாற்று டிரைவர், அத்தான் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுவாரே, அவர்தான் கிடைத்த வண்டியில் போட்டு எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். அப்போது காலை பதினொன்று பத்து. அவசரப் பிரிவில் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தார்கள்.

நான் அந்த நேரம் மேல் மாடியில் வேறொரு நோயாளியோடு இருந்தேன். தகவல் தெரிந்து இறங்கி வருவதற்குள் முடிந்துவிட்டது. அவருக்கு வலி தெரிந்திருக்காது.

ஐந்தாம் நாளே கிளம்பி வந்ததற்கு மன்னித்துக்கொள். விடுப்பு கிடைக்கவில்லை.

அன்புடன்,
தங்கை

*

மார்ச் 28

வாயாடிக்கு,

சாப்பிடறேன். பக்கத்து வீட்டுக்காரி தட்டோட வந்து முன்னாடி உக்காந்துக்கறா, முழுங்கற வரைக்கும் போகமாட்டேங்கறா. உனக்கு உடம்பு எப்படி இருக்கு? இங்க வந்தப்போ கன்னமெல்லாம் ஒட்டிப் போயிருந்தே.

நீ எழுதினதைப் படிச்சேன். பரீட்சை பேப்பர் மாதிரி இருந்துச்சு, ஆனா புரிஞ்சுது. நீ பக்கத்துல இல்லாம இருந்ததும் நல்லதுக்குத்தான். உன்னை ஏழு வயசுலேருந்து தூக்கி வளர்த்தவர். பார்த்திருந்தா நீ தாங்கியிருக்க மாட்டே. ஆனா தெரிஞ்ச முகம் ஒண்ணு கூட இல்லாத இடத்துல போயிட்டாரேன்னுதான் மனசு கிடந்து அடிச்சுக்குது. கூட்டத்துல கூட என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிற ஆளு அவர்.

உனக்கு ஞாபகம் இருக்கும், அவர் லாரி தெருமுனை திரும்பினா நம்ம ஜன்னல் கம்பி நடுங்கும். எனக்கு அதுதான் ஹாரன். நேத்து ஏதோ தண்ணி லாரி வந்திருக்கு. கம்பி நடுங்கினதும் எழுந்து போய் அடுப்பைப் பத்த வெச்சுட்டேன். கொஞ்ச நேரம் நின்னுட்டு அப்புறம் அணைச்சேன்.

ஒண்ணு கேக்கறேன். கால் வீக்கத்தைப் பார்த்தும் ஒரு வாரம் சும்மா இருந்துட்டேனே, தப்பு என்னுதா? தங்கச்சியா பதில் சொல்லாதே. டாக்டரா சொல்லு.

உன் அக்கா

*

ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே.

தப்பு உன்னுடையது இல்லை. டாக்டராகச் சொல்கிறேன். கால் வீங்கியவர்கள் எல்லோரும் இப்படிப் போவதில்லை. நீ பார்த்தாய், என்னிடம் அனுப்பினாய். அதற்கு மேல் யாரும் செய்திருக்க முடியாது.

நான் இப்போது அவசரப் பிரிவில் இல்லை. காய்ச்சல், இருமல் பார்க்கும் வெளிநோயாளிப் பிரிவுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வேலை கொஞ்சம் லேசு. உன் ரத்த அழுத்த மாத்திரையை விட்டுவிடாதே.

அன்புடன்,
தங்கை

*

மே 14

வாயாடிக்கு,

வந்தது கடுதாசியா தந்தியா? எண்ணிப் பார்த்தேன், பத்து வரி கூட இல்லை. உனக்கு நாக்கு நீளம்னு பேர் வெச்சது நான்தான். இப்போ நானே பேரை மாத்தணும் போல.

மாத்திரை போடறேன். மில்லுக்கும் போக ஆரம்பிச்சுட்டேன். அங்க சத்தத்துல யாரும் யார்கிட்டயும் பேச முடியாது, ஆறுதல் சொல்ல வர்றவங்களும் கையை ஆட்டிட்டுப் போயிடறாங்க. அது ஒரு நிம்மதி.

காய்ச்சல், இருமலா? பன்னெண்டு வயசுல அடுப்படியில நின்னு, "உயிர் போற நேரத்துல பக்கத்துல நிக்கிற டாக்டர்தான் ஆவேன்"னு கரண்டியை ஆட்டிக்கிட்டு சொன்னவ நீ. அந்த ஸ்கேன் மிஷினை மத்த டாக்டருங்களுக்கு நீதான் சொல்லித் தர்றேன்னு போன வருஷம் நாலு பக்கம் எழுதினே. உன் அத்தான் அதை லாரியில வெச்சுக்கிட்டு ஊர் ஊரா படிச்சுக் காட்டினார். இப்போ என்ன ஆச்சு?

மில்லுல கூட வேலை செய்யறவ ஒருத்தி சொன்னா, அவ அண்ணனுக்கு ஒரு மணி நேரம் நெஞ்சை அமுக்கினாங்களாம், பொழைச்சுட்டானாம். அதைக் கேட்டதுலேருந்து இருப்புக் கொள்ளலை. அவருக்கு எவ்வளவு நேரம் அமுக்கினாங்க? போதும்னு யார் சொன்னது? எதை வெச்சுச் சொன்னாங்க? மறைக்காம எழுது.

உன் அக்கா

*

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நான் நலமாகவே இருக்கிறேன்.

ஐம்பத்திரண்டு நிமிடம் அமுக்கினார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஆள் மாறி மாறி. போதும் என்று சொன்னவர் எங்கள் பெரிய டாக்டர். எதை வைத்து என்று கேட்டாய். அந்த ஸ்கேன் மிஷினை வைத்துத்தான்.

கட்டிலுக்குப் பக்கத்திலேயே தள்ளிக்கொண்டு வரலாம். சோப்புக் கட்டி அளவு ஒரு கைப்பிடி, அதன் முனையில் ஜெல் தடவி நெஞ்செலும்புக்குக் கீழே வைத்தால் உள்ளே இதயம் திரையில் தெரியும். சிலருக்குக் கையில் நாடி கிடைக்காது, ஆனால் இதயம் லேசாக அசைந்துகொண்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்கவும், எதனால் நின்றது என்று பார்க்கவும் அது உதவும். ஆனால் அமுக்குகிற கையை எடுத்தால்தான் படம் தெளிவாகத் தெரியும். கையை எடுத்தால் மூளைக்கு ரத்தம் போகாது. அதனால் பத்து விநாடிதான் கணக்கு. ஒருவர் பக்கத்தில் நின்று சத்தமாக எண்ணுவார். பத்துக்குள் பார்த்துவிட வேண்டும், அல்லது படத்தைப் பதிவு செய்துகொண்டு, அமுக்க ஆரம்பித்த பிறகு பதிவைப் பார்க்க வேண்டும்.

அத்தானுக்கு மூன்று நான்கு தடவை பார்த்தார்கள். கடைசியில் அசைவே இல்லை. அதற்குப் பிறகுதான் நிறுத்தினார்கள். ஸ்கேன் பார்த்த டாக்டர் ஒரு தடவை மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். மற்றபடி எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

தூக்கம் வருகிறதா உனக்கு?

அன்புடன்,
தங்கை

*

ஜூலை 2

தங்கச்சிக்கு,

நேத்து ஒட்டடைக்குச்சி வந்திருந்தான். லாரியில கிடந்த உன் அத்தான் பை, துண்டு, கண்ணாடி எல்லாத்தையும் கொண்டுவந்து கொடுத்தான். இத்தனை நாள் என் முகத்தைப் பார்க்க தைரியம் வரலைன்னு அழுதான். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

போறப்போ ஒரு வார்த்தை சொன்னான். கேக்கலை, எழுதிக் காட்டச் சொன்னேன். மளிகை ரசீது பின்னாடி எழுதினான். அந்தச் சீட்டை இப்பவும் கையில வெச்சிருக்கேன். "உங்க தங்கச்சி எவ்வளவோ பாடுபட்டாங்க அக்கா. கதவு இடுக்கு வழியா பார்த்தேன். அண்ணன் நெஞ்சு மேல ஏதோ வெச்சுக்கிட்டு டி.வி.யையே பார்த்துக்கிட்டிருந்தாங்க."

நீ மேல் மாடியில இருந்தேன்னு எழுதினே.

நீ அங்க இருந்தியா? ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணு எழுது.

அக்கா

*

ஜூலை 9

அக்கா,

ஆமா.

நான்தான் இருந்தேன். ஸ்கேன் பார்த்த டாக்டர் நான்தான்.

ஸ்ட்ரெச்சர் உள்ள வந்தப்போ முதல்ல செருப்பைத்தான் பார்த்தேன். இடது செருப்புக்கு மட்டும் வாரை அவிழ்த்து விட்டிருந்தார், வீங்கின காலுக்காக. அதுக்கப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன். ஒருத்தர் ஏற்கெனவே நெஞ்சை அமுக்கிக்கிட்டிருந்தார். சிஸ்டர், "இவரை யாருக்காவது தெரியுமா?"ன்னு சத்தம் போட்டுக் கேட்டாங்க. நான் தெரியும்னு சொல்லலை. சொல்லியிருந்தா என்னை வெளியே அனுப்பியிருப்பாங்க. பெரிய டாக்டர் ஆபரேஷன்ல இருந்தார். அந்த மிஷின்ல பார்க்கத் தெரிஞ்சவ அந்த அறையில நான் ஒருத்திதான். இதுதான் காரணம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். உண்மையில அவரை விட்டுட்டு வெளியே போக எனக்குக் கால் வரலை, அவ்வளவுதான்.

சட்டையைக் கத்தரிச்சாங்க. பாக்கெட்ல உன் கடுதாசி. பிரிச்சிருந்துச்சு. படிச்சிருக்கார்.

ரேடியேட்டர் ஆவி அடிச்சு வயித்துக்கு மேல தழும்பு இருக்குமே, அதுக்குப் பக்கத்துலதான் ஸ்கேன் கைப்பிடியை வெச்சேன். முதல் தடவை பத்து விநாடிக்குள்ள பார்த்துட்டேன். நாடி கிடைக்கலை, ஆனா இதயம் அசைஞ்சுக்கிட்டிருந்துச்சு. வலது பக்கம் உப்பிப் போய் இடது பக்கத்தை நசுக்கிக்கிட்டு. கால் வீக்கத்தை ஸ்ட்ரெச்சர்லயே பார்த்திருந்தேன், உடனே புரிஞ்சுபோச்சு. கட்டியைக் கரைக்கிற ஊசியைப் போடச் சொன்னேன். அது வரைக்கும் நான் சரியாத்தான் இருந்தேன் அக்கா.

ரெண்டாவது தடவை, "கையை எடுங்க"ன்னேன். சிஸ்டர் எண்ண ஆரம்பிச்சாங்க. எட்டு, ஒம்பது, பத்து. "டாக்டர், பத்து!" எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் நான் கையை எடுக்கலை. பதிவு பட்டனை அழுத்தலை. "பதினஞ்சு! டாக்டர், கை!" அமுக்கறவர் என் முகத்தைப் பார்த்துக்கிட்டு கையைத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கிறார், நான் சொல்லணும்னு. நான் திரையையே பார்த்துக்கிட்டிருந்தேன். இருபத்து மூணுல சிஸ்டர் என் கையைத் தட்டிவிட்டுட்டு தானே ஏறி அமுக்க ஆரம்பிச்சாங்க.

அந்த இருபத்து மூணு விநாடிக்குள்ளதான் அவர் இதயம் நின்னுது. நான் பார்த்துக்கிட்டிருக்கும்போது. யாரோட கையும் அவர் நெஞ்சு மேல இல்லாதப்போ.

அதுக்கப்புறம் அசைவே வரலை. பெரிய டாக்டர் ஓடி வந்து கைப்பிடியை என்கிட்டேருந்து வாங்கிக்கிட்டார். ஊசி வேலை செய்யட்டும்னு ரொம்ப நேரம் விடாம பார்த்தாங்க. கடைசியில, "நிறுத்தலாம்னு நினைக்கிறேன், யாருக்காவது வேற எண்ணம் இருக்கா?"ன்னு கேட்டார். யாரும் பேசலை. நானும் பேசலை. நேரத்தை எழுதினப்புறம்தான், "இவர் எங்க அக்கா வீட்டுக்காரர்"னு சொன்னேன்.

மறுபடி வேலைக்கு வந்தப்போ பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சார். "அது ரொம்பப் பெரிய கட்டிம்மா. கையை எடுக்காமலே இருந்திருந்தாலும் திரும்பி வந்திருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி"ன்னார். கம்மின்னுதான் சொன்னார் அக்கா. இல்லைன்னு சொல்லலை.

இதை மறைச்சதுக்கு என்கிட்ட காரணம் இல்லை. பயம்தான். உனக்கு இருக்கிறது நான் ஒருத்தி. எனக்கு இருக்கிறது நீ ஒருத்தி.

வாயாடி

*

செப்டம்பர் 1

அக்காவுக்கு,

ரெண்டு மாசமா உன்கிட்டேருந்து எதுவும் வரலை. வராதுன்னு எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அம்மாகிட்ட போன்ல கேட்டேன், நீ மில்லுக்குப் போய் வர்றதா சொன்னாங்க. அது போதும்.

நீ எழுத வேண்டாம். மாத்திரை தீர்ந்துபோற நாள் இதுன்னு கணக்குப் போட்டு வெச்சிருந்தேன், அதைச் சொல்லத்தான் எழுதினேன். வாங்கிக்கோ.

தங்கை

*

அக்டோபர் 5

வாயாடிக்கு,

மாத்திரை வாங்கிட்டேன்.

எழுதக்கூடாதுன்னுதான் இருந்தேன். உன் கடுதாசியை அரிசி டப்பாவுக்குப் பின்னாடி போட்டு வெச்சேன். சோறு பொங்கப் போறப்பல்லாம் கண்ணுல படும், மறுபடி எடுத்துப் படிப்பேன். எழுத்தே அழிஞ்சுபோச்சு சில இடத்துல.

எனக்கு எதுக்குக் கோபம்னு நீ தப்பா நினைச்சுக்கிட்டிருப்பே. அந்தப் பத்து, இருபத்து மூணு கணக்கு எனக்குப் புரியலை. புரிஞ்சாலும் உன்னைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வராது. நான் ஒரு வாரம் வீக்கத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தவ. நீ அரை நிமிஷம் கூட இல்லை.

ஆனா அஞ்சு மாசம், ஒட்டடைக்குச்சி வந்து சொல்ற வரைக்கும், நான் என்ன நினைச்சு அழுதேன் தெரியுமா? முன்னப்பின்ன தெரியாதவங்க நடுவுல, அனாதை மாதிரி, யாரும் பேர் சொல்லிக் கூப்பிடாம போயிட்டாருன்னு. கேக்கறவங்ககிட்ட எல்லாம் அப்படித்தான் சொன்னேன். "பக்கத்துல யாரும் இல்லை"ன்னு. நீ இருந்திருக்கே. அவர் மேல கையை வெச்சுக்கிட்டு நின்னிருக்கே. அதை என்கிட்டேருந்து எடுத்து ஒளிச்சு வெச்சிருந்தியேடி. உன் தப்பு எதுவோ அதைச் சொல்ல பயந்துக்கிட்டு, எனக்கு இருந்த ஒரே ஆறுதலையும் சேர்த்து மறைச்சுட்டே. அதைத்தான் என்னால பொறுக்க முடியலை. இப்பவும் முடியலை.

உன்மேல கையோங்கினது ஒரே ஒரு தடவைதான், நீ சின்னப் பிள்ளையா இருந்தப்போ, பொய் சொன்னதுக்கு. அன்னிக்குக் குறுக்கே வந்து தடுத்தவர் அவர். இப்போ தடுக்க ஆள் இல்லை.

சரி, விடு. ஒண்ணு கேக்கணும், அதுக்குத்தான் பேனாவை எடுத்தேன். இருபத்தாறு வருஷம் அந்த மனுஷன் கூட இருந்திருக்கேன். அவர் நெஞ்சுல தலை வெச்சுப் படுத்தா எனக்கு எதுவும் கேக்காது, துடிக்கிறது மட்டும் கன்னத்துல தெரியும். உள்ள பார்த்தவ நீ ஒருத்திதான். எப்படி இருந்துச்சு? டாக்டர் பாஷையில வேண்டாம். என்ன பார்த்தியோ அதை எழுது.

அக்கா

*

அக்டோபர் 16

அக்கா,

எழுதறேன். உக்காந்துக்கிட்டு படி.

திரை பெரிசு இல்லை, ஒரு நோட்டுப் புத்தகம் அளவு. கறுப்பு வெள்ளை. கலங்கின தண்ணிக்குள்ள பார்க்கிற மாதிரி இருக்கும். வெளியே ஒரே கூச்சல், ஆனா அந்தப் படத்துக்குச் சத்தம் கிடையாது. உனக்கு இந்த உலகம் எப்படி இருக்கும்னு அப்போ கொஞ்சம் தெரிஞ்சுது.

ஒரு பக்கம் வீங்கிப் போய் அசையாம கிடந்துச்சு. இன்னொரு பக்கம், நல்ல பக்கம், ஓரமா ஒதுங்கி இருந்துச்சு. இடமே இல்லை அதுக்கு. இருந்தும் அது வேலை செஞ்சுக்கிட்டிருந்துச்சு. சுவர் மெதுவா உள்ள வரும், நிக்கும், திரும்ப விரியும். உள்ள மெல்லிசா ரெண்டு இதழ் மாதிரி ஒரு கதவு, அது திறந்து மூடும். கையில நாடியே இல்லை, உடம்பு சில்லுன்னு ஆயிடுச்சு, ஆனா அது நிறுத்தலை. பத்து டன் ஏத்தின வண்டியை முதல் கியர்ல மேட்டுல ஏத்துவாரே, பல்லைக் கடிச்சுக்கிட்டு, அப்படித்தான் இருந்துச்சு.

ரெண்டாவது தடவை வெச்சப்போ அது களைச்சுப்போயிருந்துச்சு. ஒண்ணு துடிச்சுது. ரொம்ப நேரம் கழிச்சு இன்னொண்ணு. டாக்டரா பார்த்திருந்தா, போதும்னு சொல்லி அமுக்கச் சொல்லியிருப்பேன். நான் அப்போ டாக்டரா இல்லை. "அத்தான், இன்னும் ஒண்ணு"ன்னு மனசுக்குள்ள கேட்டேன். வந்துச்சு. மறுபடி கேட்டேன். மறுபடி வந்துச்சு. நான் கேக்கறதை எதையும் இல்லைன்னு சொன்னதே இல்லையே அவர். கேட்டுக்கிட்டே இருந்தா வந்துக்கிட்டே இருக்கும்னு நினைச்சுட்டேன். அதனாலதான் கையை எடுக்கலை. எடுத்தா நின்னுடும்னு பயம்.

ஏழு வந்துச்சு அக்கா. எட்டாவதுக்கு நான் காத்துக்கிட்டிருந்தப்போதான் சிஸ்டர் என் கையைத் தட்டினாங்க.

அந்தப் படத்தை நான் பதிவு பண்ணலை. எங்கேயும் இல்லை. நான் சொன்னது மட்டும்தான்.

உன் வாயாடி

*

அக்டோபர் 27

வாயாடிக்கு,

கடுதாசி வந்துச்சு. ஜன்னல் பக்கத்துல உக்காந்து படிச்சேன். அப்புறம் அன்னிக்கு மில்லுக்குப் போகலை.

பத்து நாள் லீவு சொல்லியிருக்கேன். வியாழக்கிழமை காலையில பஸ் வந்து சேரும். வந்து நில்லு. இறங்கினதும் கட்டிப்பிடிச்சு அழுது ஊரைக் கூட்டாதே. உன்மேல கோபம் பாதி இன்னும் மிச்சம் இருக்கு, அதையும் மூட்டையோட கொண்டு வர்றேன்.

நீ மறுபடி அந்தப் பிரிவுக்குப் போறியா, காய்ச்சல் இருமலே பார்த்துக்கிட்டிருக்கப் போறியான்னு நான் கேக்க மாட்டேன். அது உன் பாடு. ஆனா அந்த சிஸ்டரை நான் பார்க்கணும். உன் கையைத் தட்டிவிட்டுட்டு தானே ஏறி அமுக்கினாங்களே, அவங்களை. டூட்டி எப்போன்னு கேட்டு வெய்யி. அவங்க கையை ஒரு தடவை பிடிச்சுக்கணும். எனக்குக் காது கேக்காதுங்கறதால கத்தித்தான் பேசுவேன். உனக்கு வெட்கமா இருந்தா தள்ளி நின்னுக்கோ.

உன் அக்கா